கேளுங்கோ சொல்லுறன்: கேர்னல் ஹெடரும் குளத்து அளவுகோலும்

போன மாசம் லினக்ஸில புரோகிராம் கொம்பைல் பண்ணுறதை (எழுதினதை மெசின் ஓட்டுற வடிவுக்கு மாத்துறதை) பற்றி ரெண்டு வரி எழுதினாலும் எழுதினன், வந்த கடிதம், வைபர் மெசேஜ் எல்லாத்திலயும் பாதிக்கு மேல கேர்னல் ஹெடர்தான், அதாவது லினக்ஸின்ர அடியில நிண்டு மெசினை ஓட்டுற கேர்னலோட புரோகிராம் கதைக்கிறதுக்கு வேண்டிய பட்டியல் பைல். சரி, இந்த முறை முழுக்க அதுதான். பிரிண்டர் மை காயுது, போன் சூடாகுது எண்டு கேட்ட ஆக்கள் கோவிக்காதேங்கோ, உங்களுக்கு அடுத்த மாசம்.

கேள்வி: அண்ணை, என்ர லப்டொப்பில உபுண்டு 22.04. ஓடுற கேர்னல் 6.8 எண்டு காட்டுது, ஆனா லினக்ஸ்-லிப்சி-டெவ் எண்ட ஹெடர் பக்கேஜ் 5.15-இலயே நிக்குது. ரெண்டும் ஒத்துவராட்டிப் பிழைதானே? யூஎஸ்ஆர் இன்க்ளூட்டுக்குள்ள இருக்கிற லினக்ஸ் ஃபோல்டரை அழிச்சுப்போட்டு புதுக் கேர்னல் சோர்ஸுக்கு சிம்லிங்க் (அங்க கொண்டுபோய் விடுற குறுக்குவழி) குடு எண்டு கூடப் படிக்கிற பெடியன் சொல்லுறான். செய்யட்டோ?
(மாணவர், வவுனியா)

பதில்: செய்யாதேங்கோ தம்பி. அந்த ஃபோல்டரில கையே வைக்காதேங்கோ. உங்கட லப்டொப் சரியாத்தான் இருக்கு.

ஹெடர் எண்டுறதை கேர்னலின்ர ஒரு துண்டு எண்டு நினைக்கிறதாலதான் இந்தக் குழப்பம். அது கேர்னலும் உங்கட புரோகிராமும் கதைக்கிறதுக்கு வைச்சிருக்கிற பொது அளவு, அவ்வளவுதான். எந்த நம்பருக்கு என்ன பேர், எந்த ஸ்ட்ரக்டில (பல பெறுமதியைச் சேர்த்துக் கட்டின பொட்டலத்தில) எத்தினையாவது பைட்டில என்ன கிடக்கு எண்டுற பட்டியல். புரோகிராம் ஒரு நம்பரைச் சொல்லிக் கேக்கும், கேர்னல் அந்த நம்பரைப் பாத்துச் செய்யும், ரெண்டு பேரும் ஒரே பட்டியலைப் பாத்தாச் சரி.

இரணைமடுக் குளத்தை எடுங்கோ. முந்தி 34 அடி, புனரமைச்சு அணையை உயர்த்தினாப் பிறகு 36 அடி. அளவுகோலில மேல ரெண்டு அடி கூட்டிக் கீறலாம், அதில ஒருத்தருக்கும் வில்லங்கம் இல்லை, ஆனா கீழ இருக்கிற 20 அடிக் கோட்டை வடிவா இருக்கட்டும் எண்டு அரை அடி தூக்கி வைச்சியள் எண்டா அடுத்த சிறுபோகக் கூட்டத்தில எத்தினை ஏக்கர் விதைக்கிறது எண்டு போட்ட கணக்கு முழுக்கப் பிழைச்சுப் போடும், பேந்து கமக்காரர் அமைப்புக்காரர் உங்களை வாய்க்காலுக்கால இழுத்துக்கொண்டு போவினம். வீட்டில ஒரு பழைய கொப்பி இருக்கு, அதில 34 வரைக்கும்தான் கீறி இருக்கு, இருக்கட்டும், அந்தக் கொப்பியில 20 அடி எண்டா இண்டைக்கும் 20 அடிதான். உங்கட 5.15 ஹெடர் அந்தப் பழைய கொப்பி. 6.8 கேர்னல் உயர்த்தின குளம். லினக்ஸைத் தொடக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் வருசக்கணக்கா ஆக்களோட சண்டை பிடிச்சுக் காப்பாத்திற விதியும் இதுதான், ஓடிக்கொண்டிருந்த புரோகிராமைக் கேர்னல் மாத்தி உடைக்கப்படாது.

பழைய கொப்பியால வாற ஒரே நட்டம், புதுக் கோடுகளின்ர பேர் தெரியாது. 5.16-இல வந்த ஃபியூடெக்ஸ்-வெயிட்-வி எண்ட சிஸ்டம் கோல் (புரோகிராம் கேர்னலிட்ட வேலை கேக்கிற அழைப்பு) உங்கட 5.15 ஹெடரில இல்லை, கொம்பைலர் அப்பிடி ஒரு பேரே கேள்விப்படேல்லை எண்டு சொல்லும், ஓடுற கேர்னலுக்கு அது தெரிஞ்சிருந்தாலும். கட்டாயம் வேணும் எண்டா தேவையான அந்த ஹெடரை மட்டும் உங்கட புரொஜெக்ட் ஃபோல்டருக்குள்ள கொப்பி பண்ணி வைச்சுக்கொள்ளுங்கோ. மெசினுக்குள்ள இன்னொரு மெசின் ஓட்டுற கியூஈஎம்யூ மாதிரிப் பெரிய புரொஜெக்டே தனக்கெண்டு ஒரு கொப்பி வைச்சுத்தான் ஓடுது.

மற்றப் பக்கமும் நடக்கும். ஹெடர் புதுசு, கேர்னல் பழசு. கொம்பைல் ஒரு சத்தமும் இல்லாமப் போகும், ஓட விட்டா கேர்னல் ஈநோசிஸ் எண்டு திருப்பி அனுப்பும், அதாவது இப்பிடி ஒரு கோல் என்னட்ட இல்லை. பைலின்ர விபரம் கேக்கிற ஸ்டாட்-எக்ஸ் எண்ட கோல் 4.11-இலதான் வந்தது, அதுக்கு முந்தின கேர்னலில அதைக் கூப்பிட்டா இந்தப் பதில்தான். அதால ஹெடரில பேர் இருக்குத்தானே எண்டு நம்பப்படாது, ஓடேக்க கேட்டுப் பாத்து, இல்லையெண்டா பழைய வழியால போகக்கூடிய மாதிரி எழுதவேணும்.

அந்த சிம்லிங்க் வேலை நானும் செய்தவன், அதால சொல்லுறன். 2005-ஆம் ஆண்டு, ஜெனரேற்றரில கொம்பியூட்டர் ஓட்டின காலம், கொழும்பில இருந்து ஒருத்தர் கொண்டு வந்த சிடியில லினக்ஸ் போட்டு, ஒரு இரவு முழுக்க டீசல் எரிச்சுக் கேர்னல் கொம்பைல் பண்ணி, பெருமையா லிங்கும் குடுத்தன். கொஞ்ச நாளில ஹார்ட் டிஸ்க் நிரம்பிப் போச்சு, சோர்ஸ் ஃபோல்டரை அழிச்சன். அதுக்குப் பிறகு ஹலோ வேர்ல்ட் கொம்பைல் ஆகுது, ஆனா எர்ர்னோ ஹெடர் போட்ட எந்தப் புரோகிராமும் ஆகுதில்லை. ரெண்டு நாள் கொம்பைலரைத் திட்டிக்கொண்டிருந்தன். பிறகுதான் விளங்கிச்சு, ஜிலிப்சியின்ர (சி புரோகிராமுகள் பாவிக்கிற அடிப்படை லைப்ரரியின்ர) எர்ர்னோ ஹெடர் எரர் நம்பரைத் தான் வைச்சிருக்கிறேல்லை, லினக்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற எர்ர்னோவைத்தான் போய்க் கூப்பிடும், நான் அந்த வீட்டையே இடிச்சுப் போட்டன். ஜிலிப்சி எந்த ஹெடரை வைச்சுக் கட்டப்பட்டதோ அதோடதான் அது சரியா இருக்கும், கேர்னல் மாறினா மாறட்டும். லினஸே அந்த நாளில இந்த லிங்க் வேலை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார், நான்தான் வாசிக்கேல்லை.

கேள்வி: லினக்ஸ்-ஹெடர்ஸ் எண்டு ஒரு பக்கேஜ், லினக்ஸ்-லிப்சி-டெவ் எண்டு இன்னொண்டு. டேட்டா காசு போட்டு எடுக்கிறனான், ரெண்டும் வேணுமோ?
(புதுக்குடியிருப்பு)

பதில்: சாதாரண புரோகிராம் எழுதிறியள் எண்டா லினக்ஸ்-ஹெடர்ஸை விடுங்கோ. பில்ட்-எசென்ஷல் போட்டா லிப்சி-டெவ் தானாக் கூட வரும், அது யூஎஸ்ஆர் இன்க்ளூட்டுக்குள்ள போய் இருக்கும், வெளியாக்களுக்கெண்டு துப்பரவு பண்ணினது. லினக்ஸ்-ஹெடர்ஸ் எண்டுறது கேர்னலின்ர உள்வீட்டுச் சாமான், டிரைவர் மொடியூல் (ஒரு சாமானை ஓட்டக் கேர்னலுக்குள்ள செருகுற துண்டு) கட்டுற ஆக்களுக்கு மட்டும், அது யூஎஸ்ஆர் எஸ்ஆர்சிக்குள்ள போகும், ஓடுற கேர்னலோட அச்சொட்டா ஒத்துவரவேணும், கேர்னல் மாற மாற திரும்ப எடுக்கவேணும். முதல் கேள்வியில நான் சொன்ன "ஒத்துவராட்டிப் பரவாயில்லை" கதை இதுக்குப் பொருந்தாது. உள்வீட்டில அவையள் சுவரை இடிப்பினம் கட்டுவினம், அங்க ஒருத்தருக்கும் ஒரு வாக்குறுதியும் இல்லை. வைஃபை டொங்கிளுக்கு டிரைவர் கட்டுற தேவை வந்தா அப்ப எடுங்கோ. பேரை இப்பிடி வைச்சவையளைத்தான் பேசவேணும்.

கேள்வி: எங்கட கோயில் பாடகர் குழுவில ஒரு பழைய கீபோர்ட் இருக்கு, அதின்ர மிடி (இசைக்கருவியள் ஒண்டோடொண்டு கதைக்கிற முறை) வயரை யூஎஸ்பி சீரியல் வயரால லப்டொப்புக்குக் குடுத்து பாட்டுகளைப் பதிஞ்சு வைக்கப் பாக்கிறன். மிடி 31250 வேகம். சீரியல் வேகம் வைக்கிற டெர்மியோஸ் ஹெடரில அந்த வேகம் இல்லை. நெட்டில பாத்து ஏஎஸ்எம் டெர்ம்பிட்ஸ் எண்ட ஹெடரையும் சேர்த்தன், உடன "ஸ்ட்ரக்ட் டெர்மியோஸ் ரெண்டு தரம் சொல்லப்பட்டிருக்கு" எண்டு எரர். ஒண்டை எடுத்தா மற்றது இல்லை.
(மடுப் பக்கத்தில இருந்து ஒரு சகோதரர்)

பதில்: நல்ல கேள்வி, இதில கனபேர் மாட்டுப்படுறவை. ஒரே பேரில ரெண்டு ஆக்கள் ஊரில இருந்தாத் தபால்காரர் படுற பாடுதான் இது. ஸ்ட்ரக்ட் டெர்மியோஸ் எண்டு கேர்னலிட்டயும் ஒண்டு இருக்கு, ஜிலிப்சியிட்டயும் ஒண்டு இருக்கு, பேர்தான் ஒண்டு, உடம்பு வேற. கேர்னலின்ரதில கொன்ட்ரோல் எழுத்துக்களுக்கு 19 இடம், ஜிலிப்சியின்ரதில 32. நீங்கள் போர்ட்டின்ர அமைப்பை மாத்த டிசி-செட்-அட்டர் எண்டு கூப்பிடேக்க ஜிலிப்சி தன்ர பெரிசைக் கேர்னலின்ர சின்னனுக்கு மாத்தித்தான் அனுப்புது, நாங்கள் அதைக் காணுறேல்லை. ரெண்டு ஹெடரையும் ஒரே பைலுக்குள்ள கொண்டு வந்தா கொம்பைலர் எந்த ஆளை எடுக்கிறது?

வழி லேசு. ரெண்டு சி பைல். ஒண்டில வழக்கமான டெர்மியோஸ் ஹெடர், போர்ட்டைத் திறக்கிறது, வாசிக்கிறது எல்லாம் அதில. மற்றதில ஏஎஸ்எம் டெர்ம்பிட்ஸும் சிஸ் ஐஓசிடிஎல்லும் (ஐஓசிடிஎல் எண்டா டிவைஸுக்குக் கட்டளை குடுக்கிற கோல்) மட்டும், அதுக்குள்ள ஒரேயொரு ஃபங்ஷன், இத்தினையாவது போர்ட்டுக்கு இத்தினை வேகம் வை எண்டு. அந்த ஃபங்ஷனுக்குள்ள டிசிகெட்ஸ்2-ஆல இப்ப இருக்கிறதை எடுங்கோ, கொன்ட்ரோல் ஃபிளாக்கில சிபோட் பிட்டுகளை அழிச்சுப்போட்டு பொதர் எண்ட ஃபிளாக்கைப் போடுங்கோ, உள்ள வாற வேகம் வெளிய போற வேகம் ரெண்டிலயும் 31250, டிசிசெட்ஸ்2-ஆல திருப்பி வையுங்கோ. ஏஎஸ்எம் டெர்மியோஸ் எண்டு இன்னொரு ஹெடர் இருக்கு, பேர் கிட்டத்தட்ட அதே மாதிரி, அதைத் தொடாதேங்கோ, அது வின்சைஸ் எண்ட ஸ்ட்ரக்டையும் இழுத்துக்கொண்டு வந்து அடுத்த சண்டையைத் தொடக்கும்.

2025-இல வந்த ஜிலிப்சி 2.42-இல இருந்து சாதாரண டெர்மியோஸிலயே எந்த வேகத்தையும் நேரா நம்பராக் குடுக்கலாம். உங்கட மெசின் அதுக்குப் பழசா இருந்தா மேல சொன்ன வழிதான். வயர் எஃப்டிடிஐ சிப் போட்டதெண்டா வேகத்தில பயம் இல்லை, அதின்ர அடிப்படை வேகமான 30 லட்சத்தை 96-ஆல பிரிச்சா மிச்சம் இல்லாம 31250. இன்னுமொண்டு, மிடிக்கு நடுவில ஒப்டோகப்ளர் (மின்சாரத்தை விடாம வெளிச்சத்தால சிக்னலைக் கடத்துற துண்டு) ஒண்டு போடவேணும், வயரை நேரா ஒட்டாதேங்கோ, திருநாள் நேரத்தில கீபோர்ட் எரிஞ்சா சுவாமி என்னைத்தான் தேடுவார்.

கேள்வி: சேர், நாங்கள் கடைசி வருசப் புரொஜெக்டுக்கு குளத்து நீர்மட்டம் அளக்கிற சென்சருக்கு நாங்களே ஒரு கேர்னல் டிரைவர் எழுதினனாங்கள். லாப்பில 64 பிட் லப்டொப்பில வடிவா வேலை செய்யுது. அதே டிரைவர், அதே புரோகிராம், ராஸ்பெரி பை 4-இல கொம்பைல் பண்ணி வாய்க்காலடியில கொண்டுபோய் வைச்சா ஐஓசிடிஎல் கூப்பிட்ட உடன "இனப்ரோப்ரியேட் ஐஓசிடிஎல் ஃபோர் டிவைஸ்" எண்டு சொல்லுது. பையில 32 பிட் ஓஎஸ்தான் போட்டிருக்கு. ஹெடரில இருக்கிற ஸ்ட்ரக்ட்: லோங் நீர்மட்டம், இன்ட் கதவு. டிவைஸ் பைல் பிழையில்லாமத் திறபடுது. வெயிலுக்க நிண்டு நிண்டு களைச்சுப் போனம்.
(மாணவி, அறிவியல்நகர், கிளிநொச்சி)

பதில்: பிள்ளை, டிவைஸ் பைலில பிழை இல்லை, சென்சரிலயும் இல்லை. அந்த "லோங்" எண்ட ஒரு சொல்லிலதான் எல்லாம் கிடக்கு.

முதல்ல பையில ரெண்டு கொமாண்ட் அடிச்சுப் பாருங்கோ. யூநேம் மைனஸ் எம் அடிச்சா ஏஆர்ச்64 எண்டு வரும். கெட்கொன்ஃப் லோங்-பிட் அடிச்சா 32 எண்டு வரும். அதாவது ஓஎஸ் 32 பிட், ஆனா கீழ ஓடுற கேர்னல் 64 பிட். 2023-இல இருந்து பை 4-இல 32 பிட் ஓஎஸ் போட்டாலும் கேர்னல் 64 பிட்டாத்தான் எழும்புது, நீங்கள் மாத்தச் சொல்லாட்டி. இதைப் பாக்காமத்தான் கனபேர் வெயிலுக்க நிக்கினம்.

இப்ப உங்கட ஸ்ட்ரக்டைக் கையால எண்ணுவம். டிரைவர் 64 பிட்: லோங் 8 பைட், இன்ட் 4, பின்னால 8-இன்ர மடங்கு வரவேணும் எண்டு கொம்பைலர் சும்மா விடுற 4, மொத்தம் 16. புரோகிராம் 32 பிட்: லோங் 4, இன்ட் 4, மொத்தம் 8. ஒரே ஹெடர் பைல், ஒரே எழுத்து, ரெண்டு அளவு.

அதுக்கு ஏன் வாசிச்ச பெறுமதி பிழையா வராம இந்த எரர் வருது எண்டு கேப்பியள். ஐஓசிடிஎல் நம்பர் எண்டுறது சும்மா ஒண்டு ரெண்டு மூண்டு இல்லை. 32 பிட்: 8 பிட் வரிசை நம்பர், 8 பிட் உங்கட டிவைஸுக்கெண்டு எடுத்த எழுத்து, 14 பிட் ஸ்ட்ரக்டின்ர அளவு, 2 பிட் வாசிக்கிறதோ எழுதுறதோ எண்ட திசை. அளவு நம்பருக்குள்ளயே இருக்கு. அப்ப உங்கட புரோகிராம் 8 எண்டு பதிஞ்ச நம்பரோட போகுது, டிரைவர் 16 எண்டு பதிஞ்ச நம்பரைத் தேடுது, சுவிட்சில ஒண்டும் பொருந்தாமக் கடைசி டிஃபோல்டுக்கு விழுந்து ஈநொட்டிடிவை (நீங்கள் கண்ட அந்த எரர்) எண்டு திரும்புது. (அந்த எரருக்குப் பழைய விளக்கம் "இது டைப்ரைட்டர் இல்லை" எண்டது. சென்சரைப் பாத்து டைப்ரைட்டர் இல்லை எண்டு சொன்னா ஆருக்குத்தான் விளங்கும்?) உண்மையில உங்கட கேஸில அது டிரைவர் வரைக்கும் போயே இருக்காது, ஏனெண்டா 32 பிட் புரோகிராம் 64 பிட் கேர்னலிட்ட கேட்டா வேற வாசலால, கொம்பற் ஐஓசிடிஎல் எண்ட வாசலாலதான் உள்ள வரும், உங்கட டிரைவரில அந்த வாசல் வைக்காட்டிக் கேர்னலே அதே எரரைக் குடுத்துத் திருப்பி அனுப்பிப் போடும். அப்ப ரெண்டு திருத்தம், ஒண்டைச் செய்து மற்றதை விட்டாலும் வேலை செய்யாது.

ஸ்ட்ரக்டை இப்பிடி மாத்துங்கோ. முதல்ல நேரம், முன்னால ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்ட யூ64 (மைனஸ் இல்லாத 64 பிட் எண்). பிறகு நீர்மட்டம், எஸ்32 (மைனஸும் வரக்கூடிய 32 பிட் எண்), மில்லிமீற்றரில வையுங்கோ, கேர்னலுக்குள்ள ஃபுளோட் (தசம எண்) பாவிக்க வெளிக்கிடாதேங்கோ. பிறகு கதவு, யூ32. எட்டு, நாலு, நாலு, மொத்தம் 16, நடுவில ஓட்டை இல்லை, எந்த மெசினிலயும் 16தான். ஓட்டை வாற மாதிரி இருந்தா நீங்களே அந்த இடத்துக்கு "பாட்" எண்டு ஒரு பேர் வைச்சுச் சைபர் போட்டு அடையுங்கோ. கொம்பைலர் விடுற ஓட்டைக்குள்ள கேர்னல் ஸ்டாக்கில கிடந்த குப்பை அப்பிடியே வெளிய போகும், அதில ஒரு பாஸ்வேர்டின்ர துண்டும் இருக்கலாம். யூசரிட்ட இருந்து வாற பக்கத்திலயும் அந்த பாட் சைபரோ எண்டு டிரைவர் பாக்கவேணும், இல்லாட்டி இன்வாலிட் எண்டு திருப்பவேணும், அப்பதான் பின்னொரு நாள் அந்த இடத்தை வேற தேவைக்கு எடுக்கலாம். ஹெடரின்ர அடியில ஸ்டாட்டிக் அசேர்ட் ஒண்டு போட்டு, இந்த ஸ்ட்ரக்ட் 16 இல்லாட்டி கொம்பைலே ஆகாதே எண்டு கட்டி விடுங்கோ. ஒரு வரி. அந்த ஒரு வரி இருந்திருந்தா அளவுப் பிழை கொம்பைல் பண்ணேக்கயே பிடிபட்டிருக்கும்.

டிரைவர் பக்கம் ஃபைல் ஒபரேஷன்ஸில கொம்பற் ஐஓசிடிஎல்லுக்கு நேர கொம்பற்-பிடிஆர்-ஐஓசிடிஎல் எண்டதைப் போடுங்கோ, 5.5-இல இருந்து கேர்னல் ரெடிமேடாத் தாறது. ஸ்ட்ரக்ட் ரெண்டு பக்கமும் ஒரே அளவு எண்டாத்தான் இது போதும். ஸ்ட்ரக்டுக்குள்ள பொயின்ரர் வைக்கிறதெண்டா பொயின்ரரா வைக்காதேங்கோ, யூ64-க்குள்ள போட்டு அனுப்புங்கோ.

வெக்கப்படாதேங்கோ, கேர்னல் எழுதுற பெரிய ஆக்களே இதில வழுக்கி விழுந்தவை. 4.8-இல ஜிபிஐஓவுக்கு (சிப்பின்ர பொதுப் பின்களுக்கு) கரக்டர் டிவைஸ் எண்டு புதுசாக் கொண்டு வந்தினம், அதில ஈவென்ட் ஸ்ட்ரக்ட், ஒரு யூ64 நேரம், ஒரு யூ32 அடையாளம். பாத்தா ஒரு பிழையும் இல்லை, லோங் கூட இல்லை. ஆனா 32 பிட் இன்டெல்லில யூ64 நாலு பைட் எல்லையில இருந்தாப் போதும், அப்ப மொத்தம் 12. 64 பிட்டில எட்டு எல்லை, அப்ப 16. ஏஆர்எம்மில 32 பிட்டிலயும் எட்டுத்தான், அதால பையில சோதிச்ச ஆக்களுக்கு அம்பிடவே அம்பிடாது. வெளிய விட்டாப் பிறகு திருத்த ஏலாதே, கோட்டைத் தூக்கி வைக்கப்படாதெண்டு மேல சொன்னனல்லோ, அதால பழசை அப்பிடியே விட்டுட்டு 5.10-இல வி2 எண்டு முழுசா வேற ஸ்ட்ரக்டுகள், தேவையான இடத்தில பாட் போட்டு எண்ணி எண்ணி வைச்சுக் கொண்டு வந்தினம். பழசும் இப்பவும் கிடக்கு.

கடைசியா ஒண்டு கேக்கிறன், அந்த ஹெடர் எத்தினை இடத்தில இருக்கு? டிரைவர் ஃபோல்டரில ஒரு கொப்பி, புரோகிராம் ஃபோல்டரில ஒரு கொப்பி, குறூப்பில இன்னொரு பிள்ளையின்ர பென்டிரைவில மூண்டாவது கொப்பி எண்டு இருக்கும், எனக்குத் தெரியும். ஒண்டே ஒண்டு வையுங்கோ. அந்தப் பைலுக்குள்ள லினக்ஸ் டைப்ஸும் லினக்ஸ் ஐஓசிடிஎல்லும் மட்டும் இன்க்ளூட், ரெண்டும் கேர்னல் பக்கமும் இருக்கு வெளியவும் இருக்கு. டிரைவரின்ர மியூடெக்ஸ், ரெஜிஸ்டர் அட்ரஸ், மற்ற உள்வீட்டு விசயம் ஒண்டும் அதுக்குள்ள வரப்படாது, அதுக்கு வேற ஹெடர். டிரைவரும் புரோகிராமும் அந்த ஒரு பைலையே பாக்கட்டும்.

கேள்வி: ஏன் இந்த ரெண்டு அண்டர்ஸ்கோர் யூ32? சி-யிலயே யூஇன்ட்32-டி எண்டு வடிவா இருக்குத்தானே.
(செட்டிகுளம்)

பதில்: யூஇன்ட்32-டி ஸ்டாண்டர்ட்-இன்ட் ஹெடரில வாறது, அது லிப்சியின்ர (சி லைப்ரரியின்ர) சொத்து. கேர்னல் ஹெடர் ஜிலிப்சியோடயும் மசலோடயும் அண்ட்ரொயிடின்ர பயோனிக்கோடயும் (மூண்டும் வேற வேற லிப்சி) ஒருத்தற்ற கையையும் பிடிக்காமத் தனிய நிக்கவேணும். வெறும் யூ32 எண்டு வைச்சா உங்கட புரோகிராமில நீங்கள் ஏற்கனவே அந்தப் பேரில ஒண்டு வைச்சிருப்பியள், அதோட முட்டும். ரெண்டு அண்டர்ஸ்கோரில தொடங்குற பேரை சாதாரண ஆக்கள் வைக்கக்கூடாது எண்டு சி ஸ்டாண்டர்டே சொல்லுது, அதால அங்க போய் ஒதுங்கிச்சினம். வடிவில்லைத்தான்.

கேள்வி: என்னட்ட ஒரு பழைய லினக்ஸ் புத்தகம் இருக்கு. அதில ஹெடருக்குள்ள "கேர்னல் எண்டா இது, இல்லாட்டி அது" எண்டு இஃப்டெஃப் போடச் சொல்லி இருக்கு. இப்ப கேர்னல் சோர்ஸில பாத்தா யூஏபிஐ எண்டு ஒரு ஃபோல்டர். எது சரி?
(துணுக்காய், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, புத்தகம் எழுதின காலத்தில அதுதான் சரி. ஒரே ஹெடருக்குள்ள வெளியாக்களுக்கு உரியதும் உள்வீட்டுக்கு உரியதும் கலந்து கிடந்தது, நடுவில இஃப்டெஃப் வேலி. வேலி கனக்க இடத்தில பொட்டு. டிஸ்ட்ரோ (லினக்ஸைப் பொதி பண்ணித் தாறவை) ஒவ்வொண்டும் தன்பாட்டில ஹெடரை எடுத்து வெட்டிக் கொத்தித் துப்பரவு பண்ணி வைச்சுது, ஒருத்தற்றது மற்றவற்றதோட ஒத்துவராது, இதுக்கெண்டே லினக்ஸ்-லிப்சி-ஹெடர்ஸ் எண்டு வெளிய தனி ஒரு புரொஜெக்டும் கொஞ்சக் காலம் ஓடிச்சு. 2006-இல 2.6.18-இல டேவிட் வுட்ஹவுஸ் கொண்டு வந்த மேக் ஹெடர்ஸ்-இன்ஸ்டோல் வந்தாப் பிறகுதான் கேர்னலே தன்ர கையால துப்பரவு பண்ணின ஹெடரைக் குடுக்கத் தொடங்கிச்சு. 2012 டிசம்பரில வந்த 3.7-இல டேவிட் ஹவல்ஸ் அந்த வேலியையே பிடுங்கிப்போட்டு ரெண்டு வளவாப் பிரிச்சார். வெளியாக்களுக்கு உரியது முழுக்க யூஏபிஐ ஃபோல்டருக்குள்ள, மிச்சம் பழைய இடத்தில. உள்வீட்டு ஹெடர் யூஏபிஐயை இன்க்ளூட் பண்ணலாம், யூஏபிஐ உள்வீட்டைப் பண்ணக்கூடாது. இப்ப ஒருத்தர் யூஏபிஐக்குள்ள ஒரு வரி மாத்தி அனுப்பினா, பாக்கிற ஆக்கள் ஃபோல்டர் பேரைக் கண்ட உடனயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குந்துவினம், அதுதான் இதின்ர பெரிய லாபம் எண்டு நான் நினைக்கிறன்.

நீங்களே பாக்க விரும்பினா சோர்ஸ் ஃபோல்டருக்குள்ள நிண்டு மேக் ஹெடர்ஸ்-இன்ஸ்டோல் எண்டு அடியுங்கோ. ஆர்சிங்க் (பைல் கொப்பி பண்ணுற புரோகிராம்) இருக்கவேணும். பயப்பிடாதேங்கோ, அது உங்கட சிஸ்டத்தைத் தொடாது, சோர்ஸுக்குள்ள இருக்கிற யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள்ளதான் போடும். முன்னம் இருந்த பைலையும் வந்த பைலையும் டிஃப் போட்டுப் பாருங்கோ. பொயின்ரருக்கு முன்னால இருந்த "அண்டர்ஸ்கோர் அண்டர்ஸ்கோர் யூசர்" எண்ட குறி போயிருக்கும், மேல கார்டில (ஒரே ஹெடர் ரெண்டு தரம் வராமக் காக்கிற வரியில) இருந்த யூஏபிஐ எண்ட சொல்லும் போயிருக்கும், மிச்சமிருந்த பழைய இஃப்டெஃப் வேலிக்கு உள்பக்கம் கிடந்ததும் போயிருக்கும். நெல்லுத் தூத்தினாப் பிறகு பதர் போன மாதிரி.

கேள்வி: வாடியில மீன் நிறுக்கிற தராசை கொம்பியூட்டரோட இணைச்சு பில் போடுற புரோகிராம் எழுதி விக்கிறன். லினக்ஸ் ஹெடர் இன்க்ளூட் பண்ணினா என்ர சோர்ஸையும் எல்லாருக்கும் குடுக்கவேணுமாம் எண்டு ஒருத்தர் வெருட்டுறார். உண்மையோ?
(முல்லைத்தீவு)

பதில்: இல்லை. கேர்னல் ஜிபிஎல் வி2 (அதில இருந்து பிறந்த படைப்பைக் குடுக்கிறவர் சோர்ஸையும் குடுக்கவேணும் எண்ட லைசென்ஸ்) எண்டது உண்மை, ஆனா அந்த லைசென்ஸோட சேர்த்து வைச்ச லினக்ஸ்-சிஸ்கோல்-நோட் எண்ட குறிப்பில, சாதாரண சிஸ்டம் கோலால கேர்னலைப் பாவிக்கிற புரோகிராம் கேர்னலில இருந்து பிறந்த படைப்பு இல்லை எண்டு லினஸ் எழுதி வைச்சிருக்கிறார். யூஏபிஐக்குள்ள அனேகமா எந்த ஹெடரையும் திறந்து முதல் வரியைப் பாருங்கோ, ஜிபிஎல்லுக்குப் பக்கத்தில "வித் லினக்ஸ்-சிஸ்கோல்-நோட்" எண்டு இருக்கும், 2017-க்குப் பிறகு அப்பிடி வரி வரியாப் போட்டு வைச்சிருக்கினம். அந்த நோட் உங்களுக்காகத்தான். அண்ட்ரொயிடும் இதே ஹெடர்களை எடுத்துத் துப்பரவு பண்ணித்தான் தன்ர லிப்சிக்குள்ள வைச்சிருக்கு, 2011-இல அதைப் பிழை எண்டு கொஞ்சப் பேர் கிளப்பிச்சினம், லினஸே அது விசர்க்கதை எண்ட மாதிரித்தான் பதில் சொன்னார்.

ஆனா தராசுக்கெண்டு கேர்னல் மொடியூல் ஒண்டும் எழுதிக் கூடக் குடுக்கிறியள் எண்டா அது வேற கதை, அது உள்வீட்டு ஹெடரோட கட்டுறது, அந்த நோட் அங்க வராது. தராசு யூஎஸ்பி சீரியல்தானே? அப்ப மொடியூலே தேவையில்லை. உங்களை வெருட்டினவரிட்ட அந்த முதல் வரியைக் காட்டுங்கோ, அதோட பில்லில கிலோவுக்கு மூண்டு தசமதானம் போடுறியளோ எண்டும் ஒருக்காப் பாருங்கோ, போன கிழமை ஒரு வாடியில எனக்குத் தந்த பில்லில ரெண்டுதான் இருந்தது.